“மனசை விட்டுட்டா ஆள் போயிடுவாங்க”: புற்றுநோயில் இது எவ்வளவு உண்மை?

புற்றுநோய் வார்டுக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள், ஆரஞ்சோடு தவறாமல் கொண்டுவருவது ஓர் அறிவுரை. “தைரியமா இருங்க. மனசை விட்டுட்டா மருந்து வேலை செய்யாது.” சொல்கிறவருக்கு நல்லெண்ணம்தான். கேட்கிறவருக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது, ‘நான் அழுதுகிட்டே இருக்கேனே, அதனாலதான் கட்டி பெருசாகுதோ’ என்று ஒரு கணக்கு உள்ளே ஓட ஆரம்பிக்கிறது. நோயும் அவர்மேல், பழியும் அவர்மேல்.

அந்த அறிவுரையில் ஒரு பாதி உண்மை. மறு பாதி சோதித்துப் பார்க்கப்பட்டு, நிற்காமல் போனது. எந்தப் பாதி எது என்பது தெரிந்தால், மனச்சோர்வு வந்தவரிடம் என்ன செய்யலாம் என்பதும் தெளிவாகும்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். 2009இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 25 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த புற்றுநோயாளிகளிடம் இறப்பு மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். மனச்சோர்வு நோய் என்றே மருத்துவ அளவுகோல்படி கண்டறியப்பட்டவர்களிடம் 39 சதவீதம் வரை கூடுதல். இதைப் படித்துவிட்டு ‘நூறில் 39 பேர் கூடுதலாகச் சாகிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பேச்சுக்கு, குறிப்பிட்ட வகைப் புற்றுநோயில் ஐந்து ஆண்டுகளில் நூறு பேரில் 20 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 25 சதவீதம் கூடுதல் என்பது 25 பேர். தொடர்பு இருக்கிறது, ஆனால் நோயின் நிலை, வகை, சிகிச்சை ஆகியவற்றுக்கு முன்னால் இது சின்னக் காரணி.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. மனச்சோர்வு இருந்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் புற்றுநோய் வேகமாகப் பரவியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பரவலை அளந்த ஆய்வுகள் மிகக் குறைவு என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் யோசிக்க வைக்கிற இடம் இது. கட்டி வேகமாக வளரவில்லை, ஆள் சீக்கிரம் போகிறார் என்றால், நடுவே வேறு ஏதோ நடக்கிறது.

இன்னொரு சிக்கல், எது முன்னால் எது பின்னால் என்பது. நோய் முற்றியவருக்கு வலி அதிகம், தூக்கம் இல்லை, எடை இறங்குகிறது. அவருக்கு மனச்சோர்வு வருவதில் ஆச்சரியம் என்ன? அவர் சீக்கிரம் இறந்தால் அது மனச்சோர்வாலா, நோயாலா? நல்ல ஆய்வுகள் நோயின் நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஒப்பிடுகின்றன. ஆனாலும் ‘இரண்டாம் நிலை’ என்று ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு பேரின் உடல்நிலை ஒன்றாக இருப்பதில்லை.

உடம்பே மனச்சோர்வை உண்டாக்கும் என்பதற்கு அழகான சான்று மெலனோமா சிகிச்சையில் கிடைத்தது. அந்தத் தோல் புற்றுநோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவை அதிக அளவில் கொடுத்தார்கள். அது உடலின் அழற்சியைக் கிளப்பிவிடும் மருந்து. 2001இல் வெளியான ஆய்வில், 40 நோயாளிகளில் பாதிப் பேருக்கு இன்டர்ஃபெரான் தொடங்க இரண்டு வாரம் முன்பே பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையையும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 45 சதவீதம் பேருக்கு முழு அளவிலான மனச்சோர்வு வந்தது. பராக்ஸெடின் குழுவில் 11 சதவீதம். மனச்சோர்வு வந்தவர்கள் யாரும் திடீரென்று கோழைகள் ஆகிவிடவில்லை. மருந்து கிளப்பிய அழற்சி மூளைவரை போனது, அவ்வளவுதான். புற்றுநோய்க் கட்டியும் அதைச் சுற்றிய திசுவும் இதே வகை அழற்சிப் பொருட்களைச் சுரக்கின்றன. கணையப் புற்றுநோயில், நோய் தெரிவதற்கு முன்பே சிலருக்கு மனச்சோர்வு தலைகாட்டுவதற்கு இதை ஒரு காரணமாகச் சந்தேகிக்கிறார்கள்.

இனி நிற்காமல் போன பாதி. ‘மனதைச் சரிசெய்தால் ஆயுள் கூடும்’ என்ற நம்பிக்கைக்கு வேர், 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல், மார்பகப் புற்றுநோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய 86 பெண்களை எடுத்துக்கொண்டார். 50 பேர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். சாவைப் பற்றி, கணவரைப் பற்றி, வலியைப் பற்றி. ஓர் ஆண்டு இது நடந்தது. மற்ற 36 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்திருந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. உலகம் முழுக்கச் செய்தி பறந்தது.

எந்த நல்ல முடிவையும் இன்னொருவர் செய்து பார்க்க வேண்டும் அல்லவா? கனடாவில் பமேலா குட்வின் குழுவினர் 235 பெண்களிடம் அதே முறையைச் செய்து பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். குழுவில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 17.9 மாதம், இல்லாதவர்களுடையது 17.6 மாதம். வித்தியாசமே இல்லை. 2007இல் ஆஸ்திரேலியாவில் 227 பெண்களிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. அதே ஆண்டு ஸ்பீகலே 125 பெண்களிடம் திரும்பச் செய்து பார்த்தார். மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. தன் புகழ்பெற்ற முடிவு தன் கையாலேயே நிற்கவில்லை என்று அவர் ஒளிக்காமல் வெளியிட்டதை மரியாதையோடு குறிப்பிட வேண்டும். முதல் ஆய்வில் ஆட்கள் குறைவு. அப்படிப்பட்ட ஆய்வில் ஒரு பக்கம் சற்று நோய் முற்றியவர்கள் தற்செயலாகச் சேர்ந்துவிட்டாலே கணக்கு சாய்ந்துவிடும்.

ஆனால் அந்தப் பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்லின. கனடாவில் குழுவில் இருந்த பெண்களுக்கு மன வேதனை குறைந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு தணிந்தது. ஆயுள் கூடவில்லை என்ற தலைப்புச் செய்தியில் இது அடிபட்டுப் போயிற்று.

பேச்சு மட்டும் அல்லாமல் மாத்திரையும் சேர்த்து முறையாகச் சிகிச்சை கொடுத்தால்? அதை ஸ்காட்லாந்தில் செய்தார்கள். மனச்சோர்வு நோய் உறுதியான 500 புற்றுநோயாளிகள். 2014இல் வெளியான முடிவில், தீவிரச் சிகிச்சை பெற்றவர்களில் 62 சதவீதம் பேருக்கு 24 வாரத்தில் மனச்சோர்வு பாதிக்குமேல் குறைந்திருந்தது. வழக்கமான கவனிப்பில் 17 சதவீதம். மனநல மருத்துவத்தில் இது பிரமாதமான வித்தியாசம். பிறகு அவர்களையே பல ஆண்டு பின்தொடர்ந்து 2018இல் ஆயுளைப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

‘போராட்ட குணம்’ சங்கதியும் இப்படித்தான். 1999இல் இங்கிலாந்தில் ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள 578 பெண்களிடம் பார்த்ததில், போராடுகிற மனநிலை ஆயுளையோ நோய் திரும்புவதையோ மாற்றவில்லை. நம்பிக்கையற்று, கையறுநிலையில் விழுந்தவர்களுக்கு மட்டும் முடிவுகள் மோசமாக இருந்தன. ஆக, சிரித்த முகமாக இருக்க வேண்டிய கட்டாயம் எந்த நோயாளிக்கும் இல்லை. அழுவது புற்றுநோயை வளர்ப்பதில்லை. இதை நோயாளியின் காதில் விழும்படி ஒருமுறையாவது யாராவது சொல்ல வேண்டும்.

அப்படியானால் அந்த 25 சதவீதம் எங்கிருந்து வருகிறது? உயிரியல் காரணங்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள்: அழற்சி, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுரப்பின் தாளம் குலைவது, அட்ரினலின் வகைப் பொருட்கள் கட்டியின் ரத்தக்குழாய்களைத் தூண்டுவது. எலிகளில் இதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மனிதர்களில் இன்னும் தொடர்பு அளவில்தான் நிற்கிறது. நடைமுறையில் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கசிவு கண்ணெதிரே இருக்கிறது. மனச்சோர்வு வந்தவர் சிகிச்சையை விடுகிறார். ஒரேயடியாக அல்ல; கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல்.

2000இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பலவகை நோய்களையும் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி சிகிச்சையைப் பின்பற்றாமல் போகும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று சொன்னது. அதே ஆண்டு இத்தாலியிலிருந்து வந்த ஆய்வில், மார்பக அறுவைக்குப் பின் கீமோ வேண்டும் என்று சொல்லப்பட்ட பெண்களில், மனச்சோர்வு இல்லாதவர்களில் 92 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் 51 சதவீதம் பேர்தான். கவனியுங்கள், இந்த இடத்தில் கட்டி எதுவும் செய்யவில்லை. “எனக்கு எதுக்கு இதெல்லாம், பிள்ளைங்களுக்குச் செலவு” என்ற ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

ரேடியேஷனை எடுத்துக்கொள்வோம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பது பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, 33 முதல் 35 தடவை, ஏறக்குறைய ஏழு வாரம். மூன்று, நான்கு வாரம் தாண்டியதும், சாகாமல் தப்பிய கட்டிச் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. அந்தக் கட்டத்தில் விடுபடும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதமோ சற்றுக் கூடுதலோ குறைகிறது. சரியாக அதே நான்காவது வாரத்தில்தான் வாய் புண்ணாகி, எச்சில் வற்றி, சாப்பாடு இறங்காமல், மனசும் தரைமட்டத்துக்கு வருகிறது. ‘இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாம்’ என்பது அப்போதுதான் வரும். விட்டுவிட்டால் கடைசியில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள், அது ஈடாகாது. உடனே சொன்னால், ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தடவை வைப்பது, சனிக்கிழமை வைப்பது என்று ஈடுகட்ட வழிகள் உண்டு. ரேடியேஷன் ஓபியில் சொன்னால்தான் அது நடக்கும்.

கீமோவில் ஆபத்து வேறு இடத்தில். மருந்து ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளணுக்களின் கவுன்ட் தாழ்ந்து கிடக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் அது அவசரம். மருத்துவமனைக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர் என்ன செய்கிறார்? உடம்பு கொதிப்பது தெரிந்தும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். கேட்டால் “ஒண்ணுமில்லை, அசதி” என்கிறார். வீட்டில் ஒரு பாராசிட்டமாலைக் கொடுக்க, காய்ச்சல் மறைந்து தொற்று மட்டும் உள்ளே வளர்கிறது. எனவே அந்த ஒரு வாரம் அவர் சொல்வதை நம்பாமல், காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்து எண்ணைக் காலண்டரில் எழுத வேண்டும். அவரிடம் கேட்காமல் அளக்க வேண்டும் என்பது முக்கியம்.

மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் தினம் ஒன்று, ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து. அமெரிக்காவில் 8,769 பெண்களைப் பின்தொடர்ந்தபோது, ஒழுங்காக, முழுக்காலமும் எடுத்தவர்கள் 49 சதவீதம்தான். பாதியில் விட்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. இதில் மனச்சோர்வு ஒரே காரணம் அல்ல. வெப்பம் பொங்குவதும் மூட்டு வலியும் செலவும் உண்டு. ஆனாலும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பது வீட்டில் ஒருவர் செய்யக்கூடிய வேலை. மாதம் 30 போயிருக்க வேண்டும். 19 போயிருந்தால் திட்டாதீர்கள். மனச்சோர்வுக்கான கேள்விகளைக் கேளுங்கள்.

கேள்விகள் இரண்டுதான். உலகம் முழுக்கப் பயன்படுகிற முதல்கட்டச் சோதனை இது. கடந்த இரண்டு வாரத்தில், “எதிலேயும் நாட்டமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சா?” “மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாத மாதிரி இருந்துச்சா?” ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்குமேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டினால் 3 அல்லது அதற்குமேல் வந்தால் முழுச் சோதனைக்குப் போக வேண்டும். அது பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம்; 27 வரை மதிப்பெண்; 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை சற்றுக் கடுமை, 20உம் அதற்குமேலும் கடுமை.

இந்தப் படிவத்தில் ஒரு பிரச்சினை. தூக்கமின்மை, அசதி, பசியின்மை, கவனக்குறைவு ஆகியவையும் அதில் கேள்விகள். கீமோவில் இருக்கும் எவருக்கும் இவை இருக்கும்! எனவே அனுபவமுள்ளவர்கள் உடல் அறிகுறிகளை ஓரமாக வைத்துவிட்டு வேறு நான்கைப் பார்க்கிறார்கள்: முகத்தில் தெரியும் சோர்வோ பயமோ, பேச்சைக் குறைத்து ஆட்களிடமிருந்து ஒதுங்குவது, எப்போதும் அவநம்பிக்கையிலும் தன்னிரக்கத்திலும் உழல்வது, எது நடந்தாலும் முகம் மலராதது. கடைசியாகச் சொன்னதுதான் என் அனுமானத்தில் மிக நம்பகமான அடையாளம். துக்கத்தில் இருப்பவர் பேரப்பிள்ளை மடியில் ஏறியதும் இரண்டு நிமிடமாவது சிரிப்பார். மனச்சோர்வில் இருப்பவர் பிள்ளையை வாங்கிக்கொண்டும் சுவரைப் பார்ப்பார். “சாப்பாடு பிடிக்கலை” என்பவரிடம், “பிடிச்சதைச் செஞ்சு கொடுத்தா ஆசையா இருக்கா, வாயிலதான் இறங்கலையா?” என்று கேளுங்கள். ஆசை இருந்து இறங்காவிட்டால் அது பெரும்பாலும் கீமோ. ஆசையே இல்லை என்றால் மேலே விசாரிக்க வேண்டும்.

இதைச் செய்ய முடியாதபடி நம் வீடுகளில் ஒரு தடை உண்டு. “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்.” அப்பாவுக்கு எப்போதோ தெரியும், கரண்ட் வைக்கிற ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் தெரிந்ததாகக் காட்டினால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவர் நடிக்கிறார். அவர் உடைந்துபோவார் என்று பிள்ளைகள் நடிக்கிறார்கள். மனச்சோர்வைக் கேட்கவே வாய் திறக்க முடியாத நிலை. “உங்களுக்கு என்ன நோய்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று நோயாளியிடமே மருத்துவரைக் கேட்க விடுவது நல்ல தொடக்கம். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மனச்சோர்வு என்று முத்திரை குத்துவதற்குமுன் சில ரத்தச் சோதனைகள் அவசியம், இவை அடிக்கடி தவறவிடப்படுகின்றன. கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கும் இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவர்களுக்கும் தைராய்டு படுத்துவிடலாம். டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தச் சோதனையைப் பார்க்காமல் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் பலன் இல்லாமல் போகலாம். எலும்புக்குப் பரவியவர்களுக்குக் கால்சியம் ஏறலாம். சோடியம் இறங்கலாம், குறிப்பாகச் சிறு செல் நுரையீரல் புற்றுநோயில். ரத்தசோகை, பி-12 குறைவு இருக்கலாம். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் இரண்டு, மூன்று நாள் ஆளைச் சுறுசுறுப்பாக வைத்துவிட்டு, நிறுத்தியதும் நான்காம், ஐந்தாம் நாளில் கீழே தள்ளும். அது தானாக ஏறிவிடும் சரிவு.

இன்னொரு மாறுவேடம் அமைதியான சித்தக்குழப்பம். ஆள் திடீரென்று ஒன்றிரண்டு நாளில் ஒடுங்கிப்போவார், காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. ஞாயிறிலிருந்து கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். மனச்சோர்வுள்ளவர் “விடுங்க” என்பார், வற்புறுத்தினால் மெதுவாகச் சொல்லி முடிப்பார். சித்தக்குழப்பத்தில் இருப்பவர் வெள்ளிக்கிழமையில் தொலைந்துபோவார். அது தொற்றோ, சோடியமோ, வலி மருந்தோ செய்த வேலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

சிகிச்சைக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பலன் கொடுத்தது மந்திரம் இல்லை. பயிற்சி பெற்ற புற்றுநோய் நர்ஸ் ஒருவர், நான்கு மாதத்தில் அதிகபட்சம் பத்து அமர்வுகள், மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவர், மதிப்பெண் குறையாவிட்டால் சிகிச்சையை மாற்றுவது. அமர்வில் நடந்தது இரண்டு வேலை. ஒன்று, விட்டுப்போன காரியங்களை மிகச் சின்ன அளவில் திரும்பத் தொடங்குவது. “வாக்கிங் போங்க” என்பது அளவே இல்லாத அறிவுரை. “காலை எட்டு மணிக்குள் குளியல், பத்து மணிக்கு மொட்டை மாடியில் ஐந்து நிமிஷம், நாலு மணிக்குத் தங்கச்சிக்கு ஒரு போன்” என்பது சிகிச்சை. மனசு வந்தபிறகு செய்வது என்று காத்திருக்கக் கூடாது. செய்தபிறகுதான் மனசு வரும் என்பதே இதன் அடிப்படை. பொதுவாக வரும் தவறு, நல்ல நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது.

மற்றொன்று, பிரச்சினையைத் துண்டாக்குவது. ‘பணத்துக்கு என்ன செய்ய’ என்பதை யாராலும் தீர்க்க முடியாது. ‘வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் கலெக்டர் ஆபீஸில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பதிவது’ என்பதை மருமகனால் தீர்க்க முடியும். ஒரு துண்டு தீர்ந்தாலும் கையறுநிலை கொஞ்சம் தளரும்.

மாத்திரைகளில், புற்றுநோயாளிக்கென்று சில கணக்குகள் உண்டு. எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 10க்குப் போவது வழக்கம். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம். ‘ஒரு வாரம் போட்டேன், ஒண்ணும் இல்லை’ என்று நிறுத்துவது தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம். வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரானும் எஸ்சிட்டலோபிராமும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளி நீண்டு துடிப்பு தாறுமாறாகலாம், ஆகவே ஒரு இசிஜி எடுத்துக்கொள்வது நல்லது. பசியும் தூக்கமும் போனவருக்கு இரவில் மிர்டாஸபின் 7.5 அல்லது 15 மில்லிகிராம் நன்றாகப் பொருந்தும், குமட்டலையும் தணிக்கும்.

டாமாக்ஸிஃபென் எடுப்பவருக்குப் பராக்ஸெடின், ஃப்ளூஆக்ஸெடின், புப்ரோபியான் தவிர்க்கப்படுகின்றன. டாமாக்ஸிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை இவை தடுக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களைப் பார்த்து 2010இல் வந்த ஆய்வில், டாமாக்ஸிஃபெனோடு பராக்ஸெடின் எடுத்த காலம் நீள நீள மார்பகப் புற்றுநோயால் இறப்பது கூடியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிசெய்யவில்லை என்றாலும், எஸ்சிட்டலோபிராமோ வென்லாஃபாக்ஸினோ இருக்கும்போது வம்பு எதற்கு? வென்லாஃபாக்ஸின் வெப்பம் பொங்குவதையும் குறைக்கும். பிளேட்லெட் குறைந்திருப்பவருக்கு இந்த வகை மாத்திரைகளில் ரத்தக்கசிவு வாய்ப்பு உண்டு. வலிக்கு டிராமடாலும், தொற்றுக்கு லினஸோலிடும் எடுக்கும்போது மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மூளையில் கட்டி இருந்தால் புப்ரோபியான் வேண்டாம், வலிப்பு வரலாம்.

நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது வேறு. தூக்கம் வரவில்லை என்றதும் அல்பிரஸோலம் ஒன்று எழுதப்பட்டு, அதுவே மாதக்கணக்கில் ஓடும். அது மனச்சோர்வு மருந்தே இல்லை. வயதானவர் ராத்திரி பாத்ரூம் போகையில் விழுவார். மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். அதேபோல் நரம்பு வலிக்குக் கொடுத்த 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலினைப் பார்த்துவிட்டு ‘ஏற்கனவே மனசுக்கு மருந்து போகுது’ என்று இருந்துவிடுவதும் உண்டு. அந்த அளவு மனச்சோர்வுக்குப் போதாது.

ஆயுள் கூடவில்லை என்ற முடிவுகளுக்கு நேர்மாறான ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 2010இல் பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் பாதிப் பேரை ஆரம்பத்திலேயே வலிதணிப்புச் சிகிச்சை (பாலியேட்டிவ்) குழுவோடு இணைத்தார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் இவர்களில் 16 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கு. இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மனச்சோர்வு குறைந்ததால்தான் ஆயுள் கூடியதா என்று பிறகு தனியாகக் கணக்குப் பார்த்தார்கள். அது விளக்கமாக அமையவில்லை. ‘பாலியேட்டிவ்’ என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பயந்து அந்த அறைக்கே போகாதவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம். வலியைக் குறைப்பது மனச்சோர்வைக் குறைக்கும் வழிகளில் மிக வேகமானது. பத்துக்கு ஏழு, எட்டு என்று வலி இருக்கும்போது மனநல ஆலோசனை எதுவும் ஏறாது.

தற்கொலையைப் பற்றி நேரடியாகப் பேசியாக வேண்டும். ஸ்வீடனில் அறுபது லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த 2012 ஆய்வில், நோய் தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை, புற்றுநோய் இல்லாதவர்களைவிட 12.6 மடங்கு; முதல் ஆண்டு முழுதும் சேர்த்து 3.1 மடங்கு. எண்ணிக்கையாகப் பார்த்தால் அரிதுதான். ஆனால் எந்த வாரம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று ஒருவரைத் தனியாகப் பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. “யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்”, “போய்ச் சேர்ந்துட்டா தேவலை” என்று வந்தால், “சும்மா அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று வாயை அடைக்காமல், “உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சீங்களா?” என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வழி யோசித்திருந்தால் அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்ஃபின், டிராமடால், தூக்க மாத்திரைகளை வேறொருவர் பூட்டி வைத்து வேளாவேளைக்குக் கொடுக்கட்டும். விவசாய வீடென்றால் பூச்சிமருந்து டப்பா வீட்டைவிட்டே போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம்.

புற்றுநோய் ஓபியில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஸ்காட்லாந்தில் 21,151 பேரைச் சோதித்தபோதே, மனச்சோர்வு இருந்தவர்களில் 73 சதவீதம் பேர் உரிய சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள்; நம் கூட்டத்தில் மருத்துவர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. “ரொம்ப டல்லா இருக்காங்க” என்றால் “கீமோல அப்படித்தான் இருக்கும்” என்ற பதில் வரும். அதற்குப் பதில் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: இரண்டு கேள்வி மதிப்பெண் எவ்வளவு, எத்தனை வாரமாக, மாதத்தில் விடுபட்ட மாத்திரை எத்தனை, விடுபட்ட ரேடியேஷன் நாள் எத்தனை, சாவைப் பற்றிப் பேசினாரா, வலி பத்துக்கு எத்தனை, இப்போது போகிற எல்லா மாத்திரைகளின் பெயரும். கடைசி டிஎஸ்எச், சோடியம் எப்போது பார்த்தது என்பதையும் சேருங்கள். மனநலப் பிரிவுக்கு ரெஃபர் செய்யச் சொல்லிக் கேளுங்கள்; அங்கே இல்லாவிட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல ஓபிக்கு அதே சீட்டோடு போகலாம். மாத்திரை தொடங்கியிருந்தால் நான்கு வாரம் கழித்து அதே ஒன்பது கேள்விகளைத் திரும்பக் கேட்டு எண்ணை ஒப்பிடச் சொல்லுங்கள். எண் இறங்கவில்லை என்றால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டும். அதே மருந்துச் சீட்டையே மறுபடி மறுபடி எழுதி வாங்கிக்கொண்டு வரக் கூடாது.